பிளக்கைப் பிடுங்கினவனுக்கு

மைசூர்ல இருந்து உன் அப்பன் எழுதறது. நலம் விசாரிச்சு ஆரம்பிக்க எனக்கு மனசு வரலை. நீ நல்லாத்தான் இருக்கே. நிச்சயதார்த்தப் பந்தியில ரெண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை எதிர்வரிசையில உட்கார்ந்து பார்த்தவன்தானே நான். எனக்கு அன்னைக்கு ராத்திரிச் சோறு உள்ள இறங்கலை. ஆவணியில உனக்குக் கல்யாணம். "புள்ளைக்கு நாலு நல்ல வார்த்தை எழுதுங்களேன், பெரியவங்க எழுதறதுதானே"ன்னு உங்கம்மா பேனாவையும் தாளையும் கொண்டு வந்து வெச்சா. எழுதறேன். நல்ல வார்த்தையா இருக்கும்னு எதிர்பார்க்காதே. நம்ம தெருவுல இருந்து பெங்களூர் வர்றவர் கையில இதைக் குடுத்தனுப்பறேன், கவரை ஒட்டாமலே. அவர் படிச்சாலும் சரி, உன்கூட ரூம்ல இருக்கற பசங்க படிச்சாலும் சரி, உன்னைக் கட்டிக்கப் போற பொண்ணு படிச்சாலும் சரி. இதுல மறைக்கறதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்லை. உன்கிட்டதான் இருக்கு.

அன்னைக்குப் பந்தி முடிஞ்சு வெத்தலை போட்டுட்டு எல்லாரும் கூடத்துல உட்கார்ந்தோம். பொண்ணோட அப்பா உன் செல்போனைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. கம்பெனி குடுத்ததுன்னு நீ பெருமையா சொன்னே. "பேட்டரி எவ்வளவு நேரம் நிக்கும் மாப்ளே?"ன்னு கேட்டாரு. அவ்வளவுதான், உனக்கு உச்சி குளிர்ந்துபோச்சு. பாடமே எடுத்தே. உள்ள இருக்கறது நிக்கல் பேட்டரி, புதுசா வாங்கினதும் ராத்திரி பூரா சார்ஜ்ல போடணும், அதுக்கப்புறம் முழுசாத் தீர்ந்த பிறகுதான் மறுபடி போடணும், பாதி இருக்கும்போதே போட்டுப் போட்டு எடுத்தா அந்தப் பாதியே அதுக்குப் பழகிடும், பிறகு எவ்வளவு ஏத்தினாலும் அரை நாள்ல செத்துடும். எல்லாம் சரியாத்தான் சொன்னே. அப்புறம் சிரிச்சுகிட்டே, "நானே அப்படித்தான் இதைக் கெடுத்தேன் மாமா, மைசூர்ல ஒரு தீமிதி அன்னைக்கு என்ன பண்ணினேன் தெரியுமா"ன்னு ஒரு கதையை ஆரம்பிச்சே. நான் வெத்தலையை மென்னுகிட்டே கேட்டேன். முடியறதுக்குள்ள என் வாய்ல இருந்தது வெத்தலையா வேப்பிலையான்னு எனக்கே தெரியலை.

உனக்குச் சிரிப்புக் கதை. அந்தக் கதையில ஒரு மனுசன் இருக்கான், அவனை நீ "எங்கப்பாகிட்ட வேலை செஞ்ச ஒரு ஆளு"ன்னு சொன்னே. ஒரு ஆளா? மாதேசன்டா. கொள்ளேகாலைத் தாண்டி அனூர்ப் பக்கத்துக்காரன். இருபது வயசுல மைசூருக்குப் பொழைக்க வந்து, என் மைக்செட் கடையில சேர்ந்து, எனக்கு வலது கையா இருந்தவன். ஹார்ன் கட்டப் புளியமரத்து உச்சிக்கு ஏறுறதும் அவன், கல்யாண மண்டபத்துல ஆம்ப்ளிஃபயர் பக்கத்துல அசையாம உட்கார்றதும் அவன். நீ வாய் நிறைய மாதேசண்ணா மாதேசண்ணான்னு கூப்பிட்டவன்தானே? பன்னெண்டாவது, பியூசி பரீட்சை சமயத்துல சாயங்காலமானா கரண்ட் போயிடும். மெழுகுவர்த்தியில படிச்சா கண்ணு எரியுதுன்னு நீ அழுதே. கடையில இருந்து லாரி பேட்டரியைச் சைக்கிள் கேரியர்ல கட்டி, தினம் நம்ம வீட்டுக்குத் தள்ளிகிட்டு வந்து, சின்ன டியூப்லைட்டை மாட்டிக் குடுத்துட்டுப் போவான். காலையில மறுபடி வந்து எடுத்துகிட்டுப் போய்ச் சார்ஜ்ல போடுவான். ஆசிட் சிந்தி அவனோட வேட்டியில சல்லடையா ஓட்டை. "பரவால்லீங்ணா, புள்ள படிக்கட்டும்"னு சொன்னான். நீ படிச்சு பாஸ் பண்ணின வெளிச்சம் அவன் தள்ளிகிட்டு வந்தது. இன்னைக்கு உனக்கு அவன் ஒரு ஆளு.

போன வருஷத்துத் தீமிதி அன்னைக்கு நடந்ததை உனக்கு நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை, ஆனா இதைப் படிக்கற மத்தவங்களுக்குத் தெரியணும். நம்ம தெரு மாரியம்மன் கோயில் சின்னக் கோயில். ஜெனரேட்டர் வைக்கற சக்தி அவங்களுக்கு இல்லை. கரண்ட் போனா என் பேட்டரிதான் மைக்கை ஓட்டணும். அன்னைக்குக் காலையில கரக ஊர்வலத்துல ஆட்டோவுல மைக் கட்டிச் சுத்தினதுல பேட்டரி பாதிக்கு மேல இறங்கிப் போச்சு. லாரி பேட்டரி உன் செல்போன் மாதிரி இல்லை. அதைத் தீரத் தீர விட்டா உள்ள இருக்கற தகடு வெளுத்துக் கெட்டுடும். இறங்கின உடனே ஏத்தணும், மெதுவா ஏத்தணும், தண்ணி குறைஞ்சா ஊத்தணும். உச்சி வெயில்ல மாதேசன் பேட்டரியைக் கோயில் சாமான் அறைக்குத் தூக்கிட்டுப் போய், அங்க இருக்கற ஒரே பிளக்குல சார்ஜரை மாட்டினான். நான் பந்தல்ல ஹார்ன் கட்டிகிட்டு இருந்தேன். அவன் வந்து, "போட்டுட்டனுங்ணா, சாயங்காலத்துக்குள்ள ஏறிக்கும்"னு சொன்னான். சாமான் அறையைப் பூட்டற வழக்கம் கிடையாது. நம்ம தெருவுல யார் தொடப் போறாங்கன்னு ஒரு நம்பிக்கை.

நீ சாப்பாட்டு நேரத்துக்குப் பெங்களூர்ல இருந்து வந்தே. செல்போன்ல ரெண்டு கோடு மிச்சம் இருந்துதாம். கோயில் பக்கம் டவர் சரியா கிடைக்கலை, டவரைத் தேடித் தேடிப் பேட்டரி சீக்கிரம் தீருமாம். அப்படி எடத்துல போனை அணைச்சு வைக்கணும்னு ஊருக்கெல்லாம் சொல்றவன் நீ. முழுசாத் தீர்ற வரைக்கும் சார்ஜ் போடக் கூடாதுன்னும் நீதான் சொல்றே. ஆனா இப்போ உன்னைக் கட்டிக்கப் போற அந்தப் பொண்ணு சாயங்காலம் பேசறேன்னு சொல்லியிருந்தா, தவறிடக் கூடாது. நேரா சாமான் அறைக்குள்ள போய், மாதேசன் போட்ட பிளக்கைப் பிடுங்கி வீசிட்டு உன் சார்ஜரைச் சொருகினே. ரெண்டு மணி நேரம் கழிச்சு சுவிட்சை அணைச்சுட்டு உன் போனை எடுத்துகிட்டு வெளிய வந்தே. என் பிளக் தரையிலயே கிடந்துது. இத்தனையும் நீ சொன்னதுதான், பொண்ணு வீட்டுக் கூடத்துல, கையைத் தட்டித் தட்டி.

பொழுது சாயற நேரத்துல குண்டம் தயாராச்சு. தீ மிதிக்கறவங்களை மைக்ல பேர் சொல்லிக் கூப்பிடணும். முன்னாடி போறவங்க தணலைத் தாண்டி அந்தக் கோடியில இருக்கற பால் குழியில கால் வெச்ச பிறகுதான் அடுத்த பேர். அந்தப் பேரைச் சொல்றது நான், எத்தனையோ வருஷமா நான்தான். கூட்டம் அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டு நிக்கும். பாதிப் பேர்கூட இறங்கலை, அதுக்குள்ள கரண்ட் போச்சு. சாமான் அறையில இருந்து முன்னாடியே இழுத்து வெச்ச ஒயர்ல பேட்டரிக்கு மாத்தினேன். கொஞ்ச நேரம் பேசிச்சு, அப்புறம் குரல் கம்மிகிட்டே வந்து செத்துப் போச்சு. மைக் நின்னதும் பின்னாடி இருந்தவங்களுக்கு முன்னாடி என்ன நடக்குதுன்னு தெரியலை. தள்ளிட்டாங்க. மஞ்சப் புடவை கட்டின ஒரு பொம்பளை, முன்னாடி போனவ முதுகுல இடிச்சுத் தணல்ல முழங்கால் போட்டு விழுந்தா. மாதேசன்தான் ஓடிப்போய் அவளை இழுத்தான். அப்புறம் குண்டத்து வாசல்ல ரெண்டு கையையும் விரிச்சு நின்னுகிட்டு, தொண்டை கிழியக் கத்திக் கத்தி ஒவ்வொருத்தரா விட்டான். மைக் செய்யற வேலையை அவன் தொண்டை செஞ்சுது. அந்தப் பொம்பளைக்கு முழங்கால் ஆற மாசக்கணக்காச்சு. அன்னைக்கு மாதேசன் இல்லைன்னா இன்னும் எத்தனை பேர் விழுந்திருப்பாங்களோ.

அந்த நேரத்துல நீ எங்க இருந்தேன்னு எனக்கு நிச்சயதார்த்தத்து அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. கரண்ட் போனதும் உனக்கு ஞாபகம் வந்து, சாமான் அறைக்கு ஓடி, இருட்டுல தடவி என் பிளக்கைத் திரும்பச் சொருகிட்டு வந்துட்டே. "அவசரத்துல சுவிட்ச் போடக்கூட மறந்துட்டேன் மாமா!"ன்னு சொல்லி நீ தொடையைத் தட்டிச் சிரிச்சே பாரு, அங்கதான் எனக்குத் தூக்கி வாரிப் போட்டுது. ஏன்னா அன்னைக்குக் கமிட்டித் தலைவர் டார்ச் அடிச்சுகிட்டு சாமான் அறைக்குள்ள வந்தப்போ நானும் கூட இருந்தேன். பிளக் சொருகியிருக்கு, சுவிட்ச் அணைஞ்சிருக்கு. மாதேசன் பேய் அறைஞ்ச மாதிரி நின்னான். நீ என் தோளுக்குப் பின்னாடி நின்னுகிட்டு தலைவர்கிட்டக் கன்னடத்துல, "மரெத்துபிட்டிர்பேக்கு"ன்னு சொன்னே. மறந்திருப்பாரு. அவ்வளவுதான். பெரிய பொய்யா சொன்னாக்கூட எவனாவது ஒருத்தன் கேள்வி கேட்டிருப்பான். நீ பரிதாபப்படற மாதிரி சொன்னே. நாக்கு கூசலையாடா உனக்கு? மறந்தது யாருன்னு உனக்குத் தெரியும். உன் மறதியை எடுத்து அவன் தலையில வெச்சே.

மறுநாள் காலையில பஞ்சாயத்து. அம்மன் சந்நிதி முன்னாடி சூடம் ஏத்தி வெச்சாங்க. "சுவிட்ச் போட்டேன்னு சூடத்தை அணைச்சு சத்தியம் பண்ணு"ன்னாரு தலைவர். எரியற சூடத்தை உள்ளங்கையால அடிச்சு அணைச்சு சத்தியம் பண்ணினா, அதுக்கு மேல யாரும் பேசக் கூடாது. பொய்யா இருந்தா அம்மன் அவன் குடும்பத்தைப் பார்த்துப்பா. மாதேசன் தயங்கவே இல்லை, அணைச்சான். "சுச்சுப் போட்டனுங்க, ஆத்தா மேல ஆணை"ன்னு சொல்ல வாயைத் திறந்தான், வெறும் காத்துதான் வந்துது. முந்தின நாள் கத்தினதுல தொண்டை போயிருந்துது. "பாரு, பொய் சொல்ல நாக்கு எழலை"ன்னு கூட்டத்துல எவனோ சொன்னான். ஊரைக் காப்பாத்தப் போன குரல்டா அது. நீ தூண் பக்கத்துல நின்னே, செல்போனைச் சட்டைப் பையில வெச்சுகிட்டு. நானும் வாயைத் திறக்கலை. பிளக்கும் சுவிட்சும் என் கண்ணு முன்னாடி இருந்துது. ஆனா எனக்கு நிஜம் தெரியாது. உனக்குத் தெரியும். ஒருத்தன் அம்மன் முன்னாடி கையைச் சுட்டுக்கறதை, அவன் சொல்றது நிஜம்னு தெரிஞ்ச ஒரே ஆளா நின்னு வேடிக்கை பார்த்திருக்கே. பெத்த வயிறு எரியுதுன்னு பொம்பளைங்க சொல்லுவாங்க. ஆம்பளைக்கும் எரியும்டா.

அதோட போயிருந்தாலும் பரவாயில்லை. சத்தியம் பண்ணின கொஞ்ச நாள்ல மாதேசனோட பொண்ணு மாதேவிக்கு டைபாய்டு வந்துது. பெரியாஸ்பத்திரியில கொண்டு போய்ச் சேர்த்தாங்க. குழந்தை நாராக் கிடந்தா. தெருவே பேசிச்சு, பொய்ச் சத்தியம் புள்ளைய வாங்குதுன்னு. ஒருநாள் அவன் ஆஸ்பத்திரி வராந்தாவுல என்னைப் பார்த்து, "ஏனுங்ணா, பிளக்கு மாட்டுனது நல்லா நெனப்பிருக்குது. சுச்சை அமுக்குனனா இல்லையான்னு இப்ப எனக்கே தெரீலைங்ணா"ன்னு கேட்டான். யோசிச்சுப் பாரு. வீட்டைப் பூட்டிட்டுத் தெருமுனைக்கு வந்தா, பூட்டினோமான்னு எல்லாருக்கும் சந்தேகம் வரும். பிளக் மாட்டறதுக்கு ரெண்டு கை வேணும், ஞாபகம் இருக்கும். சுவிட்ச் ஒரு விரல் வேலை. அதை எவன் ஞாபகம் வெச்சுப்பான்? நிஜத்தைச் சொன்னவன், தான் பொய் சொல்லி மகளைச் சாகக் குடுக்கறமோன்னு பயந்துகிட்டு அந்தப் பெஞ்சுல உட்கார்ந்திருந்தான். பொண்ணு பொழைச்சுட்டா. அவ எழுந்து நடக்க ஆரம்பிச்சதும் குடும்பத்தைக் கூட்டிகிட்டு ஊருக்கே போயிட்டான். நான் எவ்வளவோ சொல்லியும் நிக்கலை. இதையெல்லாம் நான் உனக்குப் பெங்களூருக்குப் போன்ல சொன்னேனே, ஞாபகம் இருக்கா? "பாவம்ப்பா"ன்னு சொன்னே. உன் பேட்டரி தீருதுன்னு சொல்லி வெச்சுட்டே.

பேட்டரி பேச்சு வந்ததால அதையும் சொல்லிடறேன். அப்பன் புத்தி சொல்லணும்னு உங்கம்மா கேட்டா இல்ல, இதுதான் புத்தி. உன் செல்போன் இப்போ மத்தியானத்துக்குள்ள அணைஞ்சுடுதுன்னு மாமனார்கிட்ட அழுதியே, அதுக்கு வைத்தியம் இருக்கு. காலர் மைக்குக்கு நான் வாங்கின நிக்கல் செல்லை இப்படித்தான் அரைகுறையா ஏத்தி ஏத்திக் கெடுத்து, அப்புறம் தேத்தினேன். தானா அணையற வரைக்கும் ஓட விடு. பிறகு முழுசா ஏத்து, நடுவுல பிடுங்காதே. இப்படி ரெண்டு மூணு தடவை செஞ்சா கொஞ்சம் தேறும். தேறலைன்னா அது செத்ததுதான், புதுசு வாங்கு. அதுக்காக தினமும் உயிர் போற வரைக்கும் வழிச்சு எடுக்காதே, மாசத்துக்கு ஒரு தடவை போதும். ஏறி முடிஞ்சதும் எடுத்துடு, தொட்டா சுடற மாதிரி இருந்தா விட்டு வைக்காதே. தலைகாணிக்கு அடியில வெச்சு சார்ஜ் போடாதே. வெயில்ல நிக்கற வண்டியில விட்டுட்டுப் போகாதே. டவர் இல்லாத எடத்துல அணைச்சு வை, யாரும் செத்துட மாட்டாங்க. இன்னொண்ணு, இது எல்லா பேட்டரிக்கும் பொது: சுவத்துல ஏற்கெனவே ஒரு பிளக் இருந்தா, அதைப் பிடுங்கறதுக்கு முன்னாடி அது யாரோடது, எதுக்குப் போட்டதுன்னு கேளு. இதை எந்தக் கம்பெனியும் புஸ்தகத்துல போட மாட்டான். உன்னை வளர்த்த வீட்டுல கத்துக்கிட்டிருக்கணும். அங்கயும் நீ கத்துக்கலை.

உன் கதை முடிஞ்சப்போ கூடத்துல எல்லாரும் சிரிச்சாங்க. மாப்பிள்ளை சொன்னா சிரிக்கணுமே. சிரிக்காதவ ஒருத்திதான், உன்னைக் கட்டிக்கப் போறவ. சமையலறைக் கதவுகிட்ட நின்னுகிட்டு, "அப்புறம் அவருக்கு என்ன ஆச்சு?"ன்னு கேட்டா. நீ "யாருக்கு?"ன்னு கேட்டே. நிஜமாவே உனக்குப் புரியலை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். "அந்த பேட்டரி போட்டவருக்கு"ன்னா. "ஓ, அவரா? ஊருக்குப் போயிட்டாரு"ன்னு சொல்லிட்டு அடுத்த கதைக்குத் தாவிட்டே. சூடம் உன் கதையில வரலை. டைபாய்டு வரலை. நல்லா வெட்டி ஒட்டி வெச்சிருக்கே. அந்தப் பொண்ணு முகம் மாறினதை நீ பார்க்கலை, நான் பார்த்தேன். எழுந்து அங்கயே உன் கன்னத்துல ஒண்ணு விட்டிருப்பேன். உங்கம்மா என் வேட்டியைப் பிடிச்சு இழுத்து உட்கார வெச்சா. அவளுக்கு எப்பவும் சபை முக்கியம்.

மறுநாள் நான் கோயில் கமிட்டித் தலைவர்கிட்டப் போய் எல்லாத்தையும் சொன்னேன். "ஆயித்தல்லா, பிடி"ன்னாரு கன்னடத்துல. முடிஞ்சு போச்சுல்ல, விடுங்கன்னு. அவருக்கு முடிஞ்சுது. அங்க இருந்து கொள்ளேகால் பஸ்ஸைப் பிடிச்சு, அனூர்ல மாறி, மாதேசன் ஊருக்குப் போனேன். கரும்புக் கொல்லையில தண்ணி பாய்ச்சிகிட்டு இருந்தான், கூலிக்கு. என்னைப் பார்த்ததும் மண்வெட்டியைப் போட்டுட்டு ஓடி வந்தான். வரும்போதே மோட்டார் கொட்டாய்ப் பக்கம் திரும்பி, "மாதேவி, சுச்சு நிறுத்தியாச்சா பாரு சாமி"ன்னு குரல் குடுத்தான். ஒரு வருஷமா அவன் தன் கையால எந்தச் சுவிட்சையும் போடறதில்லையாம். போட்டாலும் மகளைக் கூப்பிட்டு, போட்டிருக்கனா பாருன்னு கேட்டுத்தான் நகர்றானாம். புளியமர உச்சியில நின்னுகிட்டு ஒயரை வாயில கடிச்சு ஒட்டினவன்டா.

அங்கயே வரப்புல உட்கார வெச்சு சொன்னேன். நீ செஞ்சது, நீ சொன்னது, எல்லாம். கையெடுத்துக் கும்பிட்டேன், அன்னைக்கு நான் பேசாம நின்னதுக்கு. அவன் குனிஞ்சு மண்ணைக் கிளறினான். அப்புறம், "அப்ப நான் போட்டிருக்கறனுங்ளே"ன்னான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். "போட்டிருக்கறனுங்ளே ணா." உன் மேல ஒரு கெட்ட வார்த்தை அவன் வாயில வரலை. எனக்குத்தான் வந்துது. கஞ்சி கொண்டு வந்த அவன் பொஞ்சாதி எல்லாத்தையும் நின்னு கேட்டுட்டு, தூக்குப் பாத்திரத்தை வெச்சுட்டு அழுதா. "ஊரு நம்பலைன்னா போவுதுங்க. நானே இந்த மனுசனை நம்பலையே. புள்ள காய்ச்சல்ல கெடந்தப்ப நானே இவரு மூஞ்சிக்கு நேரா, உன் பொய்தான் கொல்லுதுன்னு சொன்னனே"ன்னு தலையில அடிச்சுகிட்டா. மாதேசன் அவளைப் பார்த்து, "உடு"ன்னு மட்டும் சொன்னான்.

மாதேவி அப்போ மோட்டார் கொட்டாய்ல இருந்து வந்து நின்னா. ஆறாம் வகுப்பு படிக்கறா, வயசுக்கு மெலிசா இருக்கா. மாதேசன் என்னைப் பார்த்து, "புள்ளகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்ணா"ன்னான். அப்பதான் எனக்குத் தெரிஞ்சுது. காய்ச்சல்ல இருந்து எழுந்த நாள்ல இருந்து, அப்பன் கையால எதையும் அவ வாங்கிச் சாப்பிடறதில்லையாம். அப்பா பொய்யா ஆத்தா மேல சத்தியம் பண்ணினதாலதான் நமக்குக் காய்ச்சல் வந்துதுன்னு மனசுல போட்டு வெச்சிருக்கா. பெரியவங்க பேசினதைக் கேட்டுகிட்டே கிடந்த குழந்தை. நான் குந்தி உட்கார்ந்து, கண்ணு, உங்கப்பா சுவிட்ச் போட்டது நிஜம், என் மகன்தான் பிளக்கைப் பிடுங்கினான்னு சொன்னேன். அவ என்னை ஏற இறங்கப் பார்த்தா. "நீங்க அப்பனுக்காவச் சொல்றீங்க"ன்னா. இல்லைம்மா, சத்தியமான்னேன். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவ ரெண்டடி பின்னாடி போயிட்டா. சத்தியம்னா அந்த வீட்டுல இப்போ அதுதான் மதிப்பு.

இதுக்கு மேல நான் செய்யறதுக்கு ஒண்ணும் இல்லை. நான் சொன்னேன், நம்பலை. அவ அப்பன் ஒரு வருஷமா சொல்றான், நம்பலை. இது நீ செஞ்சது, உன் வாயாலதான் போகும். உங்கம்மா, "கல்யாணம் ஆகட்டுமே, அப்புறம் போய்ட்டு வரட்டுமே"ன்னு அழறா. ஆகாது. தாலி கட்டறதுக்கு முன்னாடி நீ மாதேசன் ஊருக்குப் போகணும். காரும் வேண்டாம், பழத்தட்டும் வேண்டாம், காசு எடுத்து நீட்டினியோ, திரும்பி என் வாசப்படி மிதிக்காதே. அந்தக் குழந்தை முன்னாடி உட்கார்ந்து, எப்படிப் பிடுங்கினே, எங்க வீசினே, எப்போ திரும்ப மாட்டினே, சுவிட்சை எப்படி விட்டே, எல்லாத்தையும் சொல்லு. பொண்ணு வீட்டுக் கூடத்துல சொன்னியே, அத்தனை விவரமா சொல்லு. சிரிக்காம சொல்லு. போகலைன்னா உன் கல்யாணத்துல நான் கை நனைக்க மாட்டேன். பத்திரிகையில என் பேரைப் போடாதே. அப்பன் எங்கன்னு கேக்கறவங்களுக்கு, மறந்திருப்பாருன்னு சொல்லிக்கோ, அதுதான் உனக்கு வாய்ல வர்ற வார்த்தை.

நான் கிளம்பறப்போ மாதேவி பஸ் ஸ்டாப் வரைக்கும் பின்னாடியே வந்தா. பஸ் வந்து நான் படியில கால் வெச்சப்போ, "புடுங்குனவரு வருவாருங்களா?"ன்னு கேட்டா. பஸ் கிளம்பிடுச்சு. அவ அங்கயே நின்னுகிட்டு இருந்தா.